கிறிஸ்துராஜாவின் நாற்பத்தொன்று

1989 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், கிங்ஸ்பரிப் பூங்காவில் பழைய மாணவர் சங்கத்தின் கிரிக்கெட் போட்டி. ஸ்கோர் புத்தகம் பெர்னடெற்றின் மடியில் இருந்தது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டபிறகு அவள் வாய் திறப்பது குறைவு. ஆனால் ஒரு பந்தும் அவள் கணக்கில் தவறாது.

அன்று கிறிஸ்துராஜா வரவில்லை. அவனுக்குப் பதிலாக அவளுடைய அண்ணன் கஸ்பர் மட்டையோடு இறங்கினான். லண்டனுக்கு வந்து ஒரு மாதம்தான். லீக்கில் பெயர் பதியவில்லை.

"பிள்ளை, கிறிஸ்துராஜா எண்டே எழுது," என்றார் அணித்தலைவர் சூசைதாசன். "இல்லாட்டி மட்சைப் பறிச்சுப்போடுவாங்கள்."

எழுதினாள். கஸ்பர் நாற்பத்தொரு ஓட்டம் எடுத்தான்.

"ஒன்பதைத் தாண்டாதவனுக்கு நாப்பத்தொண்டு! கொத்துரொட்டி வாங்கித் தரச்சொல்லு," என்று சிரித்தபடி புல்லில் விழுந்தான்.

செப்டெம்பரில்தான் அவன் அகதி மனுக் கொடுத்தான். கடவுச்சீட்டை, அவனைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். மே மாதம் வந்தேன் என்று அவன் சொன்னான். ஓகஸ்டில்தான் வந்தாய் என்றார்கள் அதிகாரிகள்.

"இந்தத் தேதி பொய்யெண்டால் மற்ற ஒண்டையும் நம்பமாட்டினம். கொழும்புக்கு ஏத்திவிடுவினம்," என்றார் வழக்கறிஞர் கனகலிங்கம். "சிநேகிதர் கடிதம் மட்டும் போதாது. அண்டைக்கே எழுதின காகிதம் ஏதும் இருக்கோ?"

பெர்னடெற்றுக்கு ஸ்கோர் புத்தகம் நினைவுக்கு வந்தது. அன்று ஆடியது கஸ்பர்தான் என்று எழுதித் தரக் கேட்டபோது கிறிஸ்துராஜா கையெடுத்துக் கும்பிட்டான். "மச்சான், என்ர கேசும் அங்கதான் கிடக்கு. ஆள்மாறாட்டம் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

சூசைதாசன் மறுக்கவில்லை. "நடந்ததை நடந்தபடி எழுதித் தாறன். கமிற்றியை ஒருக்காக் கேட்கவேணும், ரெண்டு கிழமை பொறுங்கோ."

நேர்முக விசாரணைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அவளுக்குப் பொறுக்க ஏலவில்லை. ஒரு பின்னேரம் சவர பிளேட்டால் கிறிஸ்துராஜாவின் பெயரைச் சுரண்டி, அதன்மேல் கஸ்பர் என்று எழுதினாள். உண்மையைத்தானே எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனிடம், "சூசைதாசன் அண்ணை திருத்தித் தந்தவர்," என்றாள்.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில், ஸ்கோர் எழுதியவள் என்று அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கோபப்படவில்லை. புத்தகத்தை மெதுவாகப் புரட்டினார். அடுத்த பக்கத்தில், எதிரணியினர் ஆட்டமிழந்த விதம் எழுதிய இடத்தில், இரண்டு பிடிகள் கிறிஸ்துராஜா பெயரில் இருந்தன. அந்தப் பக்கத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

"இந்த ஆள் பிடி மட்டும் எடுத்தாரா?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன் அவர் முந்திய பக்கத்தைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது.

"இதை எப்போது எழுதினாய்?"

கஸ்பர் அவளை ஒருதரம் பார்த்தான்.

"நான்தான் சுரண்டினனான்," என்றான். "அவவுக்கு ஒண்டும் தெரியாது."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே கனகலிங்கம் தலையில் கைவைத்தார். "தொடாமல் கொண்டுவந்திருந்தால், தலைவரின்ர கடிதம் வருமட்டும் தவணை கேட்டிருப்பன். இனி அந்தக் கடிதத்தையும் பொய் எண்டுதான் சொல்லுவினம்."

ரயிலில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனி?"

"உன்ர கேசும் இன்னும் முடியேல்லை, பிள்ளை."

அதிலிருந்து மூன்றாம் மாதம் கஸ்பரைக் கொழும்பு விமானத்தில் ஏற்றினார்கள். போய் இறங்கியதாக ஒரு தொலைபேசி வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.