சாமி மலையேறின பிறகு

வாயில் துணி நாக்கு, தலையில் ஜிகினா கிரீடம், முதுகில் அட்டையில் வெட்டிக் கட்டிய ஆறு கைகள். என் சொந்தக் கைகளில் ஒன்றில் மரச் சூலம், இன்னொன்றில் குங்குமத் தட்டு. விழுப்புரம் பொருட்காட்சியில் மாதர் மன்றம் நடத்திய மாறுவேடப் போட்டிக்கு நான் போட்டுக்கொண்ட அங்காளம்மன் வேஷம் இது. எண்பத்து நாலாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம்.

நானும் ஜெயமும் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தோம். ஜெயத்துக்கு ஏர் ஹோஸ்டஸ் வேஷம். ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஆனால் ஒரு மாதமாகத் தட்டில் மிட்டாய் வைத்துக்கொண்டு குனிந்து கும்பிடப் பழகியிருந்தாள். அவளே தைத்த நீலப் பாவாடை முழங்காலோடு நின்றிருந்தது. அதை வீட்டில் காட்டாமல் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

வேஷம் கட்டும் ஷெட்டிலிருந்து மேடைவரை கயிறு கட்டி ஒரு பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனம். மேடை ஏறும்வரை வேஷம் கலையக்கூடாது, வாய் திறந்தால் மார்க் போய்விடும் என்று மன்றத்துச் செயலாளர் செண்பகம் அம்மா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு முன்னால் மீன்காரி வேஷத்தில் ஒரு பெண் போனாள். போனவள் மேடைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டாள். ரவிக்கைக் கை கிழிந்திருந்தது.

"கூடையப் புடிச்சு இழுத்துட்டானுங்க" என்றாள்.

"கூட்டம்னா நாலு கை படத்தான் செய்யும். அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போகணும்மா" என்றார் செண்பகம் அம்மா.

கூடையைத்தான் இழுத்தார்கள் என்றால் அவள் ஏன் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்? அந்த ஷெட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் துணி நாக்கு இருந்தது.

ஜெயம் பாவாடையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அடுத்தது அவள் முறை.

"இதப் போட்டுக்கினு எப்பிடிடீ நடுவுல போறது, தையலு?" என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்டாள்.

நாக்கை எடுத்துவிட்டுச் சொன்னேன். "கயித்துகிட்ட வாலண்டியர் நிக்கிறாரு இல்ல. நான் முன்னாடி போறேன். நீ பயப்படாத வா."

அந்த வாலண்டியரின் பெயர் சுப்பராயலு. சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும், பார்க்க மரியாதைப்பட்ட மனிதர். நான் கயிற்றுப் பாதையில் இறங்கியதும், "நகருங்க, நகருங்க, அம்மனுக்கு வழி விடுங்க" என்று ஒரு கையால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார். இன்னொரு கை என் இடுப்பில் இருந்தது.

முதலில் தெரியாமல் பட்டதென்று நினைத்தேன். ஒதுங்கினேன், கையும் ஒதுங்கி வந்தது. வேகமாக நடந்தேன், அதுவும் நடந்தது. அட்டைக் கைகள் மறைத்ததில் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகில் ஆறு கை இருந்தும் அந்த ஒரு கையைத் தட்டிவிட முடியாமல் நடந்தேன். பிறகு அது மேலே ஏறியது.

நாக்கைத் துப்பினேன்.

"கைய எடுடா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சூலம் நடுங்கியது, உடம்பெல்லாம் நடுங்கியது. முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் குலவை போட்டாள்.

"தாயே, வந்துட்டியா."

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் போகிற பக்கம் எங்களுடையது. அம்மன் வேஷம் போட்டவள் உடம்பு நடுங்கக் கத்தினால் அது அருள்தான், கோபம் என்று ஒரு ஈ காக்காய்க்கும் தோன்றாது. கற்பூரம் எங்கிருந்தோ வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. யாரோ மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து தலையோடு ஊற்றினார்கள். சுப்பராயலு நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

"தெரியாம செஞ்சிட்டேன், தாயே."

"இன்னா கொறைன்னு சொல்லும்மா" என்றாள் குலவை போட்ட அம்மாள். கோவிந்தம்மாள் என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"இவன் என் இடுப்பப் புடிச்சான்" என்றேன்.

கோவிந்தம்மாள் பெருமூச்சு விட்டாள். "வேண்டுதல் எதையோ செய்யாம வுட்டுட்டான். தாயி வேற மாதிரி சொல்லுது."

இல்லை, இடுப்பைத்தான் என்று மறுபடியும் சொன்னேன். குலவைச் சத்தத்தில் என் சத்தம் அமுங்கியது. இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்து, குங்குமத்தைத் தொட வைத்து, அவன் நெற்றியில் வைத்தார்கள். அந்தக் கையையும் என்னைக் கேட்காமல்தான் எடுத்தார்கள். மன்னிப்பு கிடைத்துவிட்டது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், முன்னைவிடப் புனிதமாக.

என்னை மேடைக்கு விடவில்லை, கைத்தாங்கலாக ஷெட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நான் செண்பகம் அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன்.

"உனக்கு அருள் வந்துதும்மா. அந்த நேரத்துல இன்னா நடந்துதுன்னு உனக்கே தெரிஞ்சிருக்காது" என்று என் தலையைத் துவட்டிவிட்டார். நல்ல மனுஷிதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மைக்கில் ஜெயத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷெட் வாசல் வழியாகப் பார்த்தேன். கயிற்றோரம் அதே ஆள், நெற்றியில் நான் வைத்த குங்குமம், "நகருங்க, நகருங்க." ஜெயம் மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்காவது சாமி வந்துச்சு" என்றாள். "ஏர் ஹோஸ்டஸுக்கு எந்தச் சாமிடீ வரும்?"

அட்டைக் கைகளை அவிழ்த்துப் போட்டேன். கிரீடத்தைக் கழற்றினேன். ஈரப் புடவையோடு, முகத்தில் பாதிச் சாயம் வழிய, அவளுக்கு முன்னால் கயிற்றுப் பாதையில் இறங்கினேன்.

"உன் முறை முடிஞ்சிடுச்சேம்மா" என்றார் செண்பகம் அம்மா.

"தெரியுங்க."

நான் நினைத்தபடியே கை வந்தது, ஜெயத்தின் முதுகை நோக்கி, பாதுகாப்பாக அழைத்துப்போகிற மாதிரி. பாதியிலேயே திரும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்காம யார் மேலயும் கை வைக்காதீங்க."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கிரீடம் இல்லை, சூலம் இல்லை. சிரித்தான்.

"பேஜாரு புடிச்ச பொண்ணா இருக்கே. அதான் சாமி மலையேறிடுச்சே, இன்னும் இன்னாம்மா?"

கூட்டமும் சிரித்தது. கற்பூரம் ஏற்றிய அதே கூட்டம். அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்காதவர்கள் கண்டபடி கத்தும்போது ஒரு குரலில் பேசுவோம், உயர்த்தாமல், இறக்காமல். அந்தக் குரலில் சொன்னேன்.

"சாமி மலையேறிடுச்சு. நான் எங்கயும் போவல. அப்ப கைய எடுக்கச் சொன்னதும் நான்தான், இப்ப சொல்றதும் நான்தான்."

குலவை இல்லை. கோவிந்தம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜெயத்தின் பாவாடையை, அவள் கையில் ஆடுகிற தட்டை, நான் பிடித்திருந்த மணிக்கட்டை. அவள் முகம் மெல்ல மாறியது.

"அப்ப இடுப்பத்தான் புடிச்சியா நீ?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் கையை உருவப் பார்த்தான். கோவிந்தம்மாள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அவனுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "நீ போம்மா" என்றாள் ஜெயத்திடம்.

ஜெயம் நடந்தாள். வழியில் நிற்கிறவர்களுக்கெல்லாம் குனிந்து கும்பிட்டுக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக. அவள் மேடைப் படி ஏறி முடிக்கும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.