மேல் வயலின் தண்ணீர்

1

நிலோஃபர் என்று ஒருத்தி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் சட்டையைப் பிடிக்கக்கூடாது. இருந்தது ஒரு காய்கறிக்கார அம்மாள்தான். பாபநாசம் கடைத்தெருவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பளபளவென்று இருந்த கத்தரிக்காயையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு, ஓட்டை விழுந்த நாலைந்தை மட்டும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"அத ஏம்மா எடுத்து வக்கிறீங்க, சொத்தையால்ல இருக்கு?"

"இது வீட்டுக்குங்க. புழு இருந்தா மருந்து கம்மியா அடிச்சிருக்குன்னு அர்த்தம். பளபளன்னு இருக்கே, அது யாவாரத்துக்கு."

நான் யாவாரக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமைத்தோம், சாப்பிட்டோம், நன்றாகவும் இருந்தது. ஆனால் அந்த மடியிலிருந்த நாலைந்து காய் என்னை விடவில்லை. அந்த மாதிரிக் காய்க்காக ஊரெல்லாம் அலைகிற ஒரு தாயை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது 2009. எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீட்டு ஆண்கள் துபாயிலும் சார்ஜாவிலும் இருந்தார்கள். வீட்டில் பிரிட்ஜும் மாமனாரும் இருப்பார்கள், புருஷன் மட்டும் ஃபோனில் இருப்பான். அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் நிலோஃபரைக் கூட்டிவந்தேன்.

2

முதல் தொடக்கம்: "காவிரிக் கரையில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் நெல்வயல்கள்…"

வேண்டாம். இதை எழுதியதற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "நிலோஃபரின் மகள் தஹ்மீனாவுக்கு ஏழு வயதில் அந்த நோய் வந்தபோது…"

இதையும் நிறுத்தினேன். குழந்தைக்கு ஒரு நோயைக் கொடுத்துவிட்டால் கதை தானாக ஓடும். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அப்படி ஒரு பிழைப்பு எனக்கு வேண்டாம். தஹ்மீனா நன்றாக இருக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் மாங்காய் வாங்கித் தின்னட்டும்.

மூன்றாவது: நிலோஃபர் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தஹ்மீனாவுக்குப் பிறகு இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டுமே ஐந்தாம் மாதத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, "காரணம்னு ஒண்ணும் தெரியலம்மா, சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார். காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் பெற்றவள் சும்மா இருப்பாளா? தானே தேட ஆரம்பித்துவிட்டாள். மூன்று வேளையும் கையை வைக்கிற இடம் தட்டு. அங்கேதான் தேடினாள்.

(நோயை எடுத்துவிட்டுக் கர்ப்பத்தை வைத்தாயே, இது மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவள் வந்ததே வயிற்றோடுதான் வந்தாள்.)

3

நிலோஃபர் திராட்சையை உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தாள். கறிவேப்பிலையை மூன்று தண்ணீரில் அலசினாள். நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். கழுவியபோது பழுப்பெல்லாம் இறங்கி முட்டை வெள்ளைவெளேர் என்று நின்றது. தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறான், படுபாவி. பாலை இனி நம்பமாட்டேன் என்று தூக்கை எடுத்துக்கொண்டு பால்காரர் மீரா சாகிப் வீட்டுக்கே போய், கண் முன்னால் கறக்கச் சொல்லி நின்றாள்.

"மாடு என்ன திங்குது?"

"வைக்கோல்தாம்மா."

"எந்த வயல் வைக்கோலு?"

மீரா சாகிப் கறப்பதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நாற்பது வருஷத் தொழில். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே மாமனார் வழியாகச் சார்ஜாவுக்குச் செய்தி போய்விட்டது. அவள் புருஷன் ஜாஃபர் சாதிக்குக்கு அங்கே ஒரு பெரிய கடையில் காய்கறி அடுக்குகிற வேலை.

"மாட்டுகிட்டப் போயி ஜாதகம் கேட்டியாமே. அத்தா சொல்லிச் சிரிக்கிறாங்க."

"சிரிங்க."

"இங்க ஆறு மாசம் ஐஸ்ல கெடந்த கோழியத் தின்னுட்டு நான் இல்லையா?"

"நீங்க சுமக்கல."

"சரி, என்னதான் வேணும்?" என்றான் ஜாஃபர்.

"அரிசி. மத்ததையெல்லாம் கழுவிடலாம். அரிசிய எப்படிங்க கழுவுறது?"

[இந்த இடத்தில் உரம், பூச்சிமருந்து, பசுமைப் புரட்சி பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நிலோஃபர் அதைப் படித்திருக்கமாட்டாள். அவளுக்கு நேரமில்லை. அடித்துவிட்டேன்.]

4

மீரா சாகிப்தான் ஆளைச் சொன்னார். குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு என்று ஒருவர், தம் சொந்த நிலம் இரண்டு மாவில் மட்டும் மருந்தும் உரமும் போடாமல் கிச்சிலிச் சம்பா நெல் போடுகிறாராம்.* நிலோஃபர் தஹ்மீனாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினாள். கோவிந்தராசுவின் மனைவி அகிலாண்டம் வாசலில் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"விக்கிறதில்லையேம்மா. இது வீட்டுக்குத்தான் வச்சிருக்கோம்."

வீட்டுக்கு என்ற அந்த வார்த்தை போதாதா? நிலோஃபர் நகரவில்லை. உள்ளேயிருந்து கோவிந்தராசு வந்தார். எந்த வீடு என்று விசாரித்தார். லியாகத் அலி பாய் மருமகள் என்றதும் தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "உட்காருங்கம்மா" என்றார். கால் மணி நேரத்தில் ஒரு சிப்பம் அரிசி ஆட்டோவில் ஏறிவிட்டது. வயிற்றைப் பார்த்து இரங்கிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சோற்றைத் தின்று இரண்டு மாதம் ஓடியது. ஐந்தாம் மாதம் வந்தது. குழந்தை லேசாக அசைந்தது. தொழுகையில் உட்கார்ந்தபோது அசைந்ததால் அப்படியே கொஞ்ச நேரம் எழாமல் இருந்தாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். தேடினாள், கிடைத்தது, சுபம். உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஆனால் முட்டையைக் கழுவிப் பார்த்தவள் வயலைப் பார்க்காமல் விடுவாளா?

* மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். எங்கள் பக்கம் இன்னும் மாக் கணக்குதான்.

5

கார்த்திகை மாதம் ஒரு காலைப்பொழுது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள் நிலோஃபர். கோவிந்தராசு முன்னால் போனார். கிச்சிலிச் சம்பா இடுப்புக்கு மேல் நின்றது. அதைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. பிறகுதான் காலடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மேலே இருந்த வயலின் வரப்பில் ஒரு மடை வெட்டியிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் வயலில் குட்டை ரக நெல் கறுகறுவென்று நின்றது. வரப்போரம் இரண்டு காலி மருந்து டப்பாக்கள் கிடந்தன.

"அது யாரு வயலுண்ணே?"

கோவிந்தராசு அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க. உங்களுதுதான்."

"எங்களுதா?"

"பத்து மா. பட்டாவே உங்க பேருல இருக்கு. பெரிய பாய் எனக்குக் குத்தகைக்கு விட்டிருக்காரு. நெலத்துக்காரங்களே வந்து அரிசி கேட்டா நான் எப்படிங்க இல்லேங்குறது?"

நிலோஃபருக்கு ஞாபகம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜாஃபர் முதல் தடவை லீவில் வந்தபோது, பாபநாசம் ரிஜிஸ்டர் ஆபீசில் பெஞ்சில் உட்காரவைத்து நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பத்திரம் பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. நிலம் எங்கே இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, யாரும் கூட்டிப்போய்க் காட்டவும் இல்லை. எங்கள் பக்கத்து வெளிநாட்டு வீடுகளில் இது சகஜம்தான். எத்தனை பெண்கள் தங்கள் பேரிலிருக்கிற வயலை மிதிக்காமலே இருக்கிறார்கள்!

"இதுல மருந்து அடிக்கிறீங்களா?"

"அடிக்காம எப்படிங்க? குத்தகை அளக்கணும்ல."

"அந்தத் தண்ணி?"

"எங்கங்க போகும். வாய்க்கா மேலதான இருக்கு. உங்க வயல்ல பாஞ்சு, அப்புறம் எனக்கு எறங்கும். எனக்குன்னு தனி வாய்க்கா கெடையாது. வயலுக்கு வயல் பாயுறதுதான் இங்க மொறை." கோவிந்தராசு அவள் முகத்தைப் பார்த்தார். "எங்கையால நான் மருந்து போடல. அது சத்தியம்மா. தண்ணி எங்கையில இல்ல."

அவர்மேல் கோபப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. முட்டைக்காரனைத் திட்டினாள், பால்காரரைச் சந்தேகப்பட்டாள், இப்போது தன் பேர்தான் மேலே நிற்கிறது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவமானமாக இருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் அழுதாள்.

(மேல் வயல் மருந்து கீழ் வயல் அரிசிவரை போகுமா, போனால் எவ்வளவு, அது வயிற்றில் இருப்பதை என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதி நிலோஃபரை மேலும் பயமுறுத்த எனக்கு மனசில்லை. அவள் பயந்தது போதும்.)

6

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே மாமனாரிடம் ஆரம்பித்தாள்.

"மாமா, நம்ம வயல்ல மருந்து வேணாம்னு சொல்லிடுங்களேன்."

லியாகத் அலி நல்ல மனிதர். அவரை வில்லனாக்க இரண்டு தடவை முயன்று பார்த்தேன், வரவில்லை. "குத்தகைக்கு விட்டாச்சும்மா," என்றார். "என்ன போடணும், என்ன அடிக்கணும்ங்கிறது அவரு பாடு. நாம தலையிட்டா நட்டத்துக்கும் நாமதான் நிக்கணும். ஜாஃபருக்கு அங்க வேல ஆட்டம் கண்டு கெடக்குது. பாதிப் பேர அனுப்பிட்டானுவளாம். இப்ப இது எதுக்கும்மா?"

ஆக, அவளால் முடிந்தது ஒன்றுதான். கோவிந்தராசுவுக்கு ஃபோன் போட்டு, "மருந்து அடிக்கிறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு அடிங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டாள். வேறு ஆளாக இருந்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்திருப்பான். கோவிந்தராசு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, வரப்பில் நின்றபடியே கூப்பிட்டார்.

"அம்மா, புகையான் விழுந்திருக்கு. உங்க வயல்ல மூணு எடத்துல வட்டவட்டமா காஞ்சுபோச்சு. அந்தப் பூச்சி தூர்ல உக்காந்து உறிஞ்சுதுங்க. ரெண்டு நாள் விட்டா வயல் முழுக்கப் போயிடும். தண்ணிய வடிச்சுட்டு மருந்து அடிச்சாகணும். மானமும் மூடிக்கிட்டு நிக்கிது. அடிச்சதும் மழ வந்துச்சுன்னா எங்க எறங்கும்னு உங்களுக்கே தெரியும்."

"அடிக்கலன்னா?"

"உங்க பத்து மாவும் போயிடும். அப்புறம் என் கிச்சிலிக்கு எறங்கும். அது வீட்டு அரிசின்னு பூச்சிக்குத் தெரியுமா? மருந்தடிக்கிற டேங்க்ல தண்ணி ரொப்பி வச்சிட்டுதான் கூப்புடுறேன். சொல்லுங்கம்மா, அடிக்கவா, விட்றவா?"

நிலோஃபர் ஃபோனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள்.

7

முதல் முடிவு: "அடிக்காதீங்கண்ணே, இந்த வருஷம் குத்தகையே வேணாம்" என்கிறாள் நிலோஃபர். கோவிந்தராசு கண் கலங்குகிறார்…

கலங்கமாட்டார். குத்தகை போனால் அவளுக்குப் போகிறது. பயிர் போனால் அவருக்கு ஆறு மாத உழைப்பு போகிறது. அகிலாண்டம் குனிந்து களையெடுத்ததெல்லாம் போகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து தாராளம் காட்டுவது சுலபம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: "அடிங்கண்ணே" என்கிறாள். கீழ் வயல் அரிசியை விட்டுவிட்டு வேறு ஊரில் வேறு ஒருவரைத் தேடிப் போகிறாள். அங்கேயும் வரப்பில் நிற்கிறாள். அங்கேயும் ஒரு மேல் வயல் இருக்கிறது. யாருடையது என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை…

எழுதும்போது நன்றாகத்தான் வந்தது. திரும்பப் படித்தபோது பிடிக்கவில்லை. கேட்காமல் விடுகிறவள் நிலோஃபர் அல்ல.

மூன்றாவது முடிவில் மழை பெய்து தானாகவே எல்லாம் சரியாகிறது. அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

8

ஏன் முடிக்க வரவில்லை என்று ஒரு வாரம் எரிச்சலாக அலைந்தேன். வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, கதையில் வராத ஒன்றை எழுதினேன். அதை இங்கேயே வைத்துவிடுகிறேன்.

எனக்கும் குடவாசல் பக்கம் எட்டு மா இருக்கிறது. அப்பா வழியில் வந்தது. வரப்பில் நின்று பத்து வருஷமாகிறது. குத்தகைக்கு எடுத்திருக்கிற இராஜாங்கம், இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த கார்த்திகையில் எனக்கு ஃபோன் செய்தார். புகையான் விழுந்திருக்கிறது, பக்கத்தில் கீழ் வயல்காரர் மருந்து வேண்டாம் என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டார். நான் அப்போது நிலோஃபருக்குக் கத்தரிக்காய் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பத்தி நன்றாக வந்துகொண்டிருந்தது. "உங்க இஷ்டம் இராஜாங்கம்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அவர் அடித்தாரா, விட்டாரா, கீழ் வயல் என்ன ஆயிற்று என்று இன்றுவரை கேட்கவில்லை.

இப்படிப்பட்டவன் நிலோஃபருக்கு ஒரு முடிவு எழுதிக் கொடுத்தால் அது விளங்குமா? நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஃபோனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கோவிந்தராசு லைனில் இருக்கிறார். டேங்க் தோளில் ஏறிவிட்டது. இந்தப் பக்கம் குழந்தை அசைகிறது. அண்ணே என்று ஆரம்பியுங்கள், மரியாதை தெரிந்த மனிதர், நீங்கள் சொல்லி முடிக்கிறவரை காத்திருப்பார். அடிக்கச் சொல்லுங்கள், அல்லது விடச் சொல்லுங்கள். உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.