மச்சான் கைக்காக நின்ன பந்து

1884 மே மாசம், ரெண்டாவது செவ்வாக்கிழமை, எஸ்ரா டாலிவர் வீசின பேஸ்பால் பந்து, மட்டைக்காரனைத் தாண்டிப் போயி, அவரு மச்சான் கஸ்ஸோட உள்ளங்கைக்கு ஒரு சாண் முன்னால அந்தரத்துல நின்னுச்சு. அன்னைக்கு லேசாத் தூறல் வேற. எஸ்ரா சம்பளத்துக்குப் பந்து வீசினவரு, மில்பரோ ஊருல அப்படி மொத ஆளே அவருதான். வேகம்னா அப்படியொரு வேகம். பின்னால நின்னு பிடிக்கிறது கஸ்ஸு, அதுவும் வெறுங்கையால. அப்பல்லாம் கையுறை மாட்டினா, "என்னப்பா, பொண்டாட்டி குடுத்தனுப்பினாளா?"ன்னு கூட்டமே சிரிச்சுரும். கஸ்ஸுக்கு ஏற்கனவே மூணு விரல் ஒடைஞ்சு இஞ்சி மாதிரி கோணிக்கிச்சு. விடிஞ்சா ரொட்டிக்கடையில மாவு பிசையணும் மனுசன். அவரு தங்கச்சி லீனாவைத்தான் எஸ்ரா கட்டியிருந்தாரு. அவ அன்னைக்குக் காலையிலயே சொல்லிட்டா: "ஏங்க, எங்கண்ணனுக்கு இன்னொரு விரலு ஒடைஞ்சுச்சுன்னா, வீட்டுப் பக்கம் வந்துராதீங்க." மெதுவா வீசினா வேலை போயிரும். என்ன பண்ணுவாரு? வேகமாத்தான் வீசினாரு. பந்துதான் நின்னுச்சு.

கஸ்ஸு பேரிக்காய் பறிக்கிற மாதிரி எடுத்துக்கிட்டு, "என்ன மாப்ளே, பந்தி பரிமாறுறியா?"ன்னாரு. நடுவரு தாடியைச் சொறிஞ்சாரு, கீழ விழாமக் கைக்கு வந்துச்சுல்ல, பிடிச்சதுதான்னுட்டாரு. அதுக்கப்புறம் எல்லாப் பந்தும் அப்படித்தான்.

மூணு வருசங்கழிச்சு எல்லாரும் கையுறை போட ஆரம்பிச்சாங்க. டீம் முதலாளி டோபின் கஸ்ஸை வேலையிலருந்து நிப்பாட்டிட்டு, தலையணை கணக்கா கையுறை போட்ட ஒரு தடியனைக் கூட்டியாந்தாரு. பந்து வந்து நின்னுச்சு. அவன் இழுத்தான், தொங்கிக்கூடப் பாத்தான், அசையவே இல்ல. ரொட்டிக்கடைக்கு ஆளு ஓடுச்சு. கஸ்ஸு மாவுக் கையோட வந்து ரெண்டு விரலால எடுத்துக் குடுத்துட்டு, "இதுக்கா என் ரொட்டியைக் கருக விட்டீங்க?"ன்னாரு. அன்னைக்கே திரும்ப வேலை குடுத்தாங்க.

தொண்ணூத்து நாலுல கஸ்ஸு மார்ச்சளியில போயிட்டாரு. பெட்டியை மூடுறதுக்கு முன்னால லீனா அண்ணன் கையைத்தான் பாத்தா. மிச்ச ஏழு விரலும் நேரா இருந்துச்சு. மறுநாள் ஆட்டம். எஸ்ரா ஒரே ஒரு பந்து வீசினாரு, அது நின்னுச்சு, எடுக்க ஆளில்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, தொப்பியைக் கழட்டிக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டாரு. லீனா கதவைத் திறந்துவிட்டா.

பந்து இன்னும் அங்கதான் இருக்கு. ரெண்டு கஜம் தள்ளி ஆடிக்கிறாங்க, புல்லு வெட்டுறவரு அந்த இடம் வந்தா குனிஞ்சுக்கிறாரு. லீனா இருந்தவரைக்கும் வருசா வருசம் பனி உருகினதும் போயி, பந்தோட தோலு வெடிச்சுராம வெண்ணெய் தடவிட்டு வருவா. இப்ப அதை ரொட்டிக்கடைக்காரங்க பாத்துக்கிறாங்க.