சர்க்கரை தின்ற ரத்தம்

சாயிரா பானுவுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. திருப்பூர் ராயபுரத்துப் பெண், கோவையில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்தாள். சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் செல்கள் எந்த வேகத்தில் சர்க்கரையைத் தின்கின்றன என்பதுதான் அவள் கேள்வி. நோய் யாருக்கு என்று முதலில் தெரிய வேண்டுமே. அதற்காகத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு பேரிடம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தாள். ஒருவருக்கும் சர்க்கரை இல்லை என்றே வந்தது. ஆளுக்கொரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"ஒருத்தருக்குக்கூட இல்லையா? கொடுத்து வைத்த ஊர்தான்" என்று பேராசிரியர் சிரித்தார். "வேறு கம்பெனி பாரும்மா."

பார்த்திருப்பாள். அதற்குள் முத்துப்பேச்சி குறுக்கே வந்தாள். தென் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்து, செக்கிங் மேசையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள். முதலாளிக்கு நன்றி சொல்லப் போன சாயிரா, அவள் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். ஒரு மாதமாக ஆறாத புண்ணாம். பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் மூன்று முறை தண்ணீர் குடித்தாள்.

"அதான் சீக்கு இல்லன்னு நீயே சீட்டு குடுத்துட்டியே தாயி. தைரியமா ரெண்டாவது ஷிப்டும் கேட்டு வாங்கிட்டேன்."

அந்தச் சீட்டு தப்பு என்று சாயிராவுக்குப் புரிந்தது. ஆனால் கையும் தப்பவில்லை, கருவியும் தப்பவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் வழியில்தான் ஏதோ நடந்திருக்கிறது. செல்கள் உயிரோடு வேண்டும் என்பதால், அவை குப்பிக்குள் சர்க்கரையைத் தின்னாமல் அடக்கும் மருந்தை அவள் சேர்க்கவில்லை. ஐஸை மட்டும் நம்பியிருந்தாள். ரத்தம் எடுத்த அன்று காலை ஏழு மணிக்குக் குப்பிகள் இருந்த ஐஸ் பெட்டியைக் கம்பெனி ஸ்டோரில் விட்டுவிட்டு, அவர்களுடைய குன்னத்தூர் கிளைக்குப் போய்த் திரும்பியபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. நேரே ஸ்டோர்க்காரர் கன்னையனிடம் போனாள்.

"ஏனுங்க, என்ற ஐஸ் பெட்டியை எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான் அம்மிணி. தண்ணி சொட்டிட்டே இருந்துச்சுங்க. பக்கத்துல எக்ஸ்போர்ட் துணி, சுத்த வெள்ளை. ஈரம் பட்டாக் கறை புடிச்சு லாட்டே ரிஜெக்ட் ஆயிரும். ஐஸைக் கொட்டிப்போட்டு, பாட்டிலையெல்லாம் தொடைச்சு அயர்ன் டேபிளுக்கு அடியில காய வெச்சேனுங்க. நீங்க வர்றதுக்குள்ள புது ஐஸும் வாங்கிப் போட்டுட்டேன்."

பொறுப்பான மனிதர், என்ன சொல்லித் திட்டுவது? பனியன் துணிக்கு ஈரம் ஆகாது. ரத்தத்துக்குச் சூடு ஆகாது. அதை அவரிடம் சொல்லாமல் போனது தன் குற்றம்தான் என்று சாயிராவுக்குத் தெரிந்தது.

மறுநாள் தன் ரத்தத்தையே எடுத்து, பாதியை ஐஸிலும் பாதியைச் சூட்டிலும் வைத்தாள். ஐந்து மணி நேரத்தில் சூட்டில் இருந்ததில் பாதிச் சர்க்கரைக்கு மேல் காணவில்லை. செல்கள் குப்பிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தன.

இனிக் குப்பியை எங்கேயும் விட்டு வைப்பதில்லை என்று முடிவு செய்தாள். அடுத்த நாள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு முத்துப்பேச்சியையே கோவைக்குக் கூட்டிப் போனாள். சோதனைக் கூடத்தில் அவள் ரத்தத்தையும் தன் ரத்தத்தையும் எடுத்து, உடனே தெளிநீரைப் பிரித்து நிறம் காட்டும் மருந்து சேர்த்தாள். சர்க்கரைக்குத் தக்கபடி ரோஸ் நிறம் ஏறும். கருவியில் வைக்கும் முன்பே முத்துப்பேச்சி குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே ஷேடு இல்லையே தாயி. என்னது ரொம்பக் கூடல்ல இருக்கு."

கருவி நூற்று எழுபத்திரண்டு என்றது; வெறும் வயிற்றில் நூற்று இருபத்தாறைத் தொட்டாலே நோய்தான்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க்கா. நான் குடுத்த சீட்டு தப்பு. என்ற தப்புதான்."

முத்துப்பேச்சி கால்விரல் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சரி, வைத்தியம் பாத்துக்கிடுவோம். என்கூடச் சீட்டு வாங்குனவுக இன்னும் முப்பத்தோரு பேரு இருக்காகளே?"

"நாளைக்குக் காத்தால கம்பெனி கேட்டுல நின்னு நானே சொல்றேனுங்க்கா. எல்லாருக்கும் மறுபடி எடுத்துரலாம்."

"போன தடவையும் நீதான சொன்ன. இப்பவும் நீயே சொன்னா எல்லாரும் சிரிப்பாக." முத்துப்பேச்சி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான் முன்னால போயி ஒவ்வொருத்தர் சீட்டையும் வாங்கிக் கிழிக்கேன். நீ ஊசிய எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வா."