செண்டுமல்லி மாலையும் பின்சக்கரமும்

ஆயுத பூஜை அன்றைக்கு லிங்கராஜபுரத்தில் ஒரு ஸ்பேனர் சும்மா கிடக்காது. எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். வனஜாவின் பைக் டூல்ஸும் அப்படித்தான். காலையில் அவளே துடைத்து, குங்குமம் வைத்து அடுக்கினாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றையாவது விட்டுவைத்தாளா? இல்லை. மறுநாள் பூஜை முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது என்பது மாமியார் முத்தம்மாவின் சட்டம்.

மத்தியானம் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, சரியாக வீட்டு வாசலில், அவள் வண்டியின் பின்சக்கரம் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. தள்ளினாலும் அசையவில்லை.

வேறு நாளாக இருந்தால் வனஜா சிரித்திருப்பாள். நாளையிலிருந்து அவள் நகரத்தின் மறுகோடியில், பொம்மசந்திரா ஃபேக்டரியில் லைன் லீடர். விடிகாலை ஷிஃப்ட். விஜயதசமி என்பதால் கம்பெனி பஸ்ஸும் வராது. கணவன் எத்திராஜ் போன வாரமே கட் அண்ட் ரைட்டாகச் சொல்லியிருந்தான்.

"ஒரே ஒரு வாட்டி நடுரோட்ல நின்னுட்டு எனக்குப் போன் பண்ணு. அன்னியோட வண்டியும் கெடையாது, பொம்மசந்திராவும் கெடையாது. தெருமுனை டெய்லர் கடையில காஜா எடுத்துனு இரு."

கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனால் சொன்னால் சொன்னதுதான். இப்போது தன் பைக்கில் பிரேசர் டவுனுக்கு, கூரியர் ஆபீஸ் பூஜைக்குப் போயிருந்தான். மெக்கானிக் உமேஷும் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

முத்தம்மாவிடம் ஸ்பேனரைக் கேட்டுப் பார்த்தாள். பூஜைக்கு வைத்ததை எடுத்தால் குடும்பம் விளங்காது என்று பதில் வந்தது. வனஜா நேராக எதிர்வீட்டு ஜூடித் அக்காவிடம் போனாள். அவர்கள் வீட்டில் பூஜை கிடையாது. துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் விட்டுப்போன டூல் பெட்டி உண்டு.

ஜூடித் முதலில் நீட்டியது ஸ்க்ரூ ஸ்பேனர். திருகித் திருகி எந்த நட்டுக்கும் பொருத்தலாம், ஒன்றே போதுமே என்றாள். வனஜா அதைக் கையால்கூடத் தொடவில்லை. இறுகிய நட்டில் அது வழுக்கி, மூலைகளை மழுக்கிவிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஃபேக்டரியில் வருஷக்கணக்காக நட்டு முடுக்கும் கை அவளுடையது, ஏமாறுமா? நட்டின் ஆறு பக்கத்தையும் கவ்வும் ரிங் ஸ்பேனர் ஒன்று. மறுபக்கம் அச்சு கூடவே சுற்றாமல் பிடிக்க இன்னொன்று. பிரேக் கம்பிக்குச் சின்னது. பிளையர். ஸ்பேனரின் பிடியை நீட்டிக்க ஒரு முழம் இரும்புப் பைப். உட்கார்ந்தபின் எழுந்து தேடுவது அவளுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் பேப்பரில் வரிசையாகப் பரப்பினாள். கடைசியாக ஒரு சவர பிளேடும் கேட்டாள். ஜூடித்துக்கு ஒன்றும் புரியவில்லை. வனஜாவின் கண்ணில் மட்டும், செயினில் நசுங்கி ஒட்டியிருந்த மஞ்சள் இதழ் பட்டிருந்தது.

பைப்பை மாட்டி ஒரு அழுத்து. நட்டு கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. அச்சை உருவிச் சக்கரத்தைச் சாய்த்தாள். உள்ளே நைலான் நூல், பிய்ந்த செண்டுமல்லியோடு, சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. காலையில் எத்திராஜ் ஆசை ஆசையாகக் கட்டிய மாலை! ஹேண்டில்பாரில் கட்டக்கூடாதா மகராசன்? பின்சக்கரத்துப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறான். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிளேடால் அறுத்து, பிளையரால் இழுத்தெடுத்தாள். சக்கரத்தை மாட்டி, செயின் தொய்வை விரலால் பார்த்தாள். முடுக்கும்போது பைப்பைத் தள்ளி வைத்துவிட்டாள். கழற்றத்தான் அது, முடுக்கும்போதும் போட்டால் நட்டின் மரை போய்விடும். கை சொன்ன இடத்தில் நிறுத்தினாள். சக்கரம் தடையில்லாமல் சுழன்றது. அப்பாடா என்றிருந்தது.

அந்த நேரத்தில் ஜூடித் வீட்டுப் போன் அடித்தது; இரண்டு வீட்டுக்கும் அதுதான் போன். எத்திராஜ்தான், பிரேசர் டவுன் பூத்திலிருந்து. பின்சக்கரம் பூட்டிக்கொண்டதாம், நடுரோட்டில் நிற்கிறானாம், உமேஷ் கடை திறந்திருக்கிறதா பார்க்க வேண்டுமாம். ஜூடித் வனஜாவைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தாள்.

"மாலைய எங்க கட்டினீங்க?" என்றாள் வனஜா.

"உன் வண்டிக்குக் கட்டின எடத்துலதான்."

"ஸ்டாண்டு போட்டு வைங்க. நான் என் வண்டில வரேன்."

விஷயம் கேட்டதும் முத்தம்மா உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முந்தானையில் பூஜை ஸ்பேனர்கள் அத்தனையும் இருந்தன, குங்குமத்தோடு. பிள்ளை ரோட்டில் நிற்கிறானே, சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாதாம்.

வனஜா ஜூடித்தின் டூல்ஸைப் பேப்பரோடு மடித்துத் தோள்பைக்குள் வைத்தாள்.

"வேணாம் அத்தே. அது சாமிகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.