பன்னிரண்டு மணி விசில்

முகட்டுப் பாதைக்கு ஒரே ஒரு சட்டம்தான். பகல் பன்னிரண்டு வரை ஏறலாம், இறங்கக் கூடாது. உச்சியிலிருந்து விசில் அடித்த பிறகு இறங்கலாம், ஏறக் கூடாது. ஓர் ஆள் நடக்கிற அகலம், இரண்டு பக்கமும் பாதாளம், பிடித்துக்கொள்ள ஓர் இரும்புச் சங்கிலி. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பறந்துதான் போகவேண்டும். “இது நான் போட்ட சட்டம் இல்லீங்க, மலை போட்டது” என்று வழிகாட்டி அடிவாரத்திலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். வருஷம் முழுக்க மற்றவர்கள் வாய்க்குள்ளேயே பார்த்து அலுத்துப்போன டாக்டரம்மா, ஊழியர்களுக்கு ஏற்பாடு செய்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இது. வேனில் ஓர் இடம் காலி என்று தெரிந்ததும் முதல் நாள் சாயங்காலம் கணவனும் தொற்றிக்கொண்டான்.

பத்தரை மணிக்கு, உச்சி கண்ணுக்குத் தெரிகிற வளைவில், பின்னாலிருந்து அவன் கேட்டான். “அந்தம்மாவுக்கு டிபன் எடுத்து வச்சியா?”

“எந்தம்மா?”

“அப்பாவைப் பாத்துக்கிறவங்க. இன்னிக்கு வரச் சொன்னேல்ல?”

“நான் எங்க சொன்னேன்? நீங்க சொல்லிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவுங்க.”

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒருவர் மனசில் நினைப்பது மற்றவருக்குச் சொல்லாமலே தெரியும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் ஜோடி. அந்தப் பீற்றல்தான் இன்றைக்கு அவர்கள் காலை வாரிவிட்டது.

“கதவு?” என்றாள்.

“வெளியில பூட்டிட்டேன்.”

வீட்டில் மாமனார் தனியாக இருந்தார். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருஷமாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. கதவு திறந்திருந்தால் எங்காவது நடந்துவிடுவார். அதனால்தான் பூட்டு. போன மாதம் யாரோ கதவைப் படபடவென்று தட்டியபோது, திறக்க முடியாமல் பால்கனிக்குப் போய்க் கம்பிக்கு வெளியே ஒரு காலைப் போட்டுவிட்டார். மூன்றாவது மாடி. அந்தம்மாதான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

அவள் திரும்பினாள். வளைவுக்குக் கீழே சங்கிலியைப் பிடித்தபடி முப்பது பேர் வரிசையாக நின்றார்கள்.

“கொஞ்சம் வழி விடுங்க, நான் இறங்கணும்.”

“எங்கம்மா விடுறது?” என்றார் வழிகாட்டி. கோபமில்லை, பரிதாபம்தான். “இப்படி ஒதுங்கி உக்காருங்க. இந்த ஒரு இடத்துலதான் சிக்னல் கிடைக்கும்.”

பாறையில் ஓர் ஆள் ஒடுங்கி உட்காருகிற அளவுக்கு ஒரு குழிவு இருந்தது. கணவனுக்கு அங்கே இடமில்லை. அவன் போனும் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. பின்னாலிருந்த வரிசை தள்ள, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேலே போனான்.

முதலில் அந்தம்மாவைக் கூப்பிட்டாள். வெளியூரில் தங்கை வீட்டில் இருந்தாள். சாவி ஒன்று அவளிடம் எப்போதும் உண்டு. “இப்பவே பஸ் ஏறுறேன், ரெண்டு மணி ஆயிடும்” என்றாள். எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக் கதவை உடைக்கச் சொல்லலாம். உடைக்கிற சத்தத்தில் மாமா நேரே பால்கனிக்குத்தான் போவார். ரெண்டு மணிவரை அவரை உள்ளேயே இருக்க வைக்கவேண்டும். வேறு வழி தோன்றாமல் வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தாள்.

ஏழாவது மணியில் எடுத்தார்.

“மாமா, நான்தான்.”

“யாரு நீ? என்னை உள்ள வச்சு வெளியில பூட்டிட்டானுங்க. எத்தனை தடவை கத்துறது? நான் பால்கனி வழியா இறங்கப் போறேன்.”

“வேணாம் மாமா! வேணாம்!”

“வைம்மா போனை.”

என்ன சொல்லி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நான் மாட்டிக்கிட்டேன் மாமா. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. பயமா இருக்கு.” தந்திரமெல்லாம் இல்லை, சத்தியமாக அதுதான் அவள் நிலைமை.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஒலி கேட்டது. அடுத்து வந்த குரல் வேறு ஆளுடையது போல நிதானமாக இருந்தது.

“உள்ள எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான்.”

“காத்து வருதா?”

ஆளையே தூக்கிக்கொண்டு போகிற காற்று. “வருது.”

“வெளிச்சம்?”

“இருக்கு.”

“அப்புறம் என்னம்மா பயம்? கீழ உக்காரு. கதவை நீயாத் திறக்கப் பாக்காதே. நடுவுல நின்ன லிஃப்டுல உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவசரப்பட்டுக் குதிக்கிறவங்கதான் போய்ச் சேருவாங்க. நாப்பது வருஷமாப் பாக்குறேன்.”

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே மற்றவர்களின் ஷூக்கள் ஒவ்வொன்றாக ஏறிப் போயின. மாமனார் அவளுடைய வேலையைக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். மாமனார் எப்படி, தொந்தரவா என்று கேட்டார். “நல்ல மனுஷர்” என்றாள். வீட்டில் இதுவரை அதை அவரிடம் சொன்னதில்லை. சாப்பிட வாங்க, மாத்திரை போடுங்க, அங்கே போகாதீங்க என்பதற்கு மேல் பேசிப் பல மாதமாகிறது.

பதினொன்றே முக்காலுக்குப் போனில் மூன்று சதவீதம் காட்டியது.

“மாமா, லைன் கட் ஆயிடும்.”

“ஆகட்டும். நான் எங்கயும் போகமாட்டேன். ஆளு உள்ள இருக்கும்போது மெக்கானிக் இடத்தை விட்டு நகரக் கூடாது.”

திரை கறுத்தது. கறுத்த போனையே காதில் வைத்துக்கொண்டு அவள் விசிலுக்காகக் காத்திருந்தாள். அந்தப் பதினைந்து நிமிஷம் பதினோரு வருஷத்தை விட நீளம்.

விசில் கேட்டதும் முதல் ஆளாக இறங்கினாள். உச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிவாரத்தில் டிரைவரின் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தாள், எங்கேஜ்டு. அந்தம்மாவின் நம்பர் செத்துப்போன போனுக்குள் இருந்தது. மற்றவர்கள் இறங்கி, வேன் கிளம்பி, வீடு வரும்வரை வழியெல்லாம் அடித்தாள். எங்கேஜ்டு. ரிசீவரைப் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போயிருப்பாரோ என்று அவளும் நினைத்தாள், பக்கத்தில் கணவனும் நினைத்தான். இந்த முறை மட்டும் ஒருவர் நினைப்பது மற்றவருக்குச் சரியாகத் தெரிந்தது.

வீடு போய்ச் சேர மணி நாலேகால். கதவு திறந்திருந்தது.

“நான் வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு” என்றாள் அந்தம்மா. “போனை வைக்க மாட்டேங்குறாரு. சாப்பிடக் கூப்பிட்டா, சத்தம் போடாதேன்னு கையக் காட்டுறாரு.”

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ரிசீவரைக் காதோடு அழுத்தியிருந்தார். அவள் அவர் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா, நான்தான் அந்தப் பொண்ணு. வெளிய வந்துட்டேன்.”

அவளை உற்றுப் பார்த்தார். ரிசீவரை மெதுவாக வைத்தார்.

“நல்லதும்மா. ஆளு உள்ள இருக்கும்போது வெளியில பூட்டினது யாரு?”

வாசலில் நின்ற கணவன் சொன்னான். “நான்தான்ப்பா.”

மாமனார் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

“எதுக்குடா?” என்றார்.

அவர் அவனை ‘டா’ போட்டுக் கூப்பிட்டு எட்டு மாதமாகிவிட்டது. இத்தனை நாளும் வீட்டுக்கு வந்துபோகிற யாரோ ஒரு சாரிடம் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மலை பார்க்கப் போனோம் என்று அவனால் சொல்ல முடியவில்லை.