பதினொன்றாவது சேனல்

"அந்த மாத்திரை போட்டா உடம்பெல்லாம்..." என்றதோடு பெரியவரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் கேட்டிருந்தார். பதில் பாதி வருவதற்குள் படமும் போய், வெறும் வட்டம் சுற்றியது.

ஆஸ்பத்திரிகளுக்கு வீடியோவில் மொழிபெயர்த்துச் சொல்வது அவள் வேலை. அண்ணன் வீட்டுப் பின்னறைதான் அவளுக்கு ஆபீஸ். வைஃபை அங்கே எட்டவில்லை என்று ரூட்டரின் சிக்னலை வாங்கி உள்ளே நீட்டித் தரும் ரிப்பீட்டர் ஒன்றை நடையில் மாட்டிக் கொடுத்தவன் அண்ணன். "எல்லாம் நானே செட் பண்ணேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். அடிக்கடி அறுந்துபோகிறது என்று அவள் சொன்னால் மட்டும், "உன் லேப்டாப் ஓட்டை" என்று வாயை அடைத்துவிடுவான்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். டிவியில் கால்பந்து ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. அண்ணன் ரூட்டர் சுவிட்சிலிருந்து அப்போதுதான் கையை எடுத்தான்.

"நீயா ஆஃப் பண்ணே?"

"மேட்ச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?"

அவளுக்குச் சுர்ரென்று தலைக்கேறியது. "அங்க ஒருத்தர் தனக்கு எந்த மருந்து ஆகாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தார் அண்ணா! நீ ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போதெல்லாம் ரூட்டர் வேற வைஃபை சேனலுக்குத் தாவுது. ரிப்பீட்டர் அதைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள என் வேலை நாசமாப் போகுது. எத்தனை தடவை சொன்னேன்?"

"ஆட்டோமேட்டிக்ல இருந்தா அதுவே நல்ல சேனலாப் பார்த்து எடுத்துக்கும். பெரிய இன்ஜினீயர் மாதிரி பேசாத."

சுற்றியுள்ள வைஃபை சேனல்களைக் காட்டும் ஆப்பைத் திறந்து, போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எடுத்திருக்கிற லட்சணத்தப் பாரு! மேல் வீடு, பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் ஆறாவது சேனல். நம்ம ரூட்டரும் அந்த நெரிசல்லயே போய் முட்டிக்கிட்டு நிக்குது. உன் மேட்ச் சுத்துறதும் அதனாலதான். பதினொண்ணுல ஆளே இல்ல. ரூட்டர் செட்டிங்ஸ் பாஸ்வேர்டச் சொல்லு."

"ரூட்டர்ல எல்லாம் நீ கை வைக்காத."

"சொல்றியா, இல்ல இத அப்படியே பிடுங்கித் தெருவுல வீசட்டுமா?"

அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "சொல்லித் தொலைங்களேன். இந்த வீட்ல நீங்க ஒருத்தர்தான் மனுஷனா?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். 'சூப்பர்புலி', கூடவே ஒன்று, இரண்டு, மூன்று. வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். ஆட்டோவை எடுத்துவிட்டுப் பதினொன்றை நிரந்தரமாக வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரிப்பீட்டரின் சிவப்பு விளக்கு பச்சையானது. டிவியில் பந்து தடங்கலில்லாமல் ஓடியது.

"பார்த்தியா, சரியாயிடும்னேன்ல?" என்றான் அண்ணன்.

அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அந்த அழைப்பு கைமாறிப் போயிருந்தது. மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் லைனில் பேசினார்: "வேற ஆள் முடிச்சுட்டாங்க. மருந்து விஷயத்த முதல்லேருந்து கேட்டு எழுதிக்கிட்டாங்களாம். பெரியவர்தான் பயந்துட்டார்போல. அந்தப் பொண்ணு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கார்."

"நான் இங்கதான் இருந்தேன்," என்றாள்.

கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கூடத்தில் யாரோ கோல் அடித்திருக்க வேண்டும், அண்ணன் கத்தினான். அடுத்த அழைப்பு வந்தபோது ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எடுத்தாள்.